கதிர்க்கட்டு விடுதியின் கரிந்த உத்தரம்

ஹில்டா ரிக்ஸ் 1952ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தில் மோல்ஸ்டெட் என்ற ஊருக்கு வாழ வந்தாள். வந்த அன்றே கதிர்க்கட்டு விடுதியின் வாசல் நிலை அவள் நெற்றியைப் பதம் பார்த்தது. கையில் பெட்டியோடு, கண்ணில் நீர் முட்ட, மணமகள் வாசலில் நின்றாள். உள்ளே பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குனிஞ்சு வா புள்ள," என்றார் குளிர்காயும் கணப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர். "ராணியே வந்தாலும் இங்க குனிஞ்சுதான் வரணும்."

"ராணி வந்தா நீ எந்திரிப்பியா, பெர்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்திரிச்சா இடம் போயிடும்ல?"

பெர்சி ஸ்மை பண்ணையில் உழவு வேலை செய்பவர். மாலையானால் கணப்பின் இடப்பக்கத் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார். அவருக்கு முன்னால் அவர் அப்பா அங்கே சாய்ந்திருந்தார். அந்த ஓக் தூணில் தோள் படும் இடம் மட்டும் குழிந்து, கண்ணாடிபோல் வழவழத்திருந்தது.

ஹில்டாவின் கணவன் லென் அந்த விடுதியைத் தன் அப்பாவிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் நாளும் அதுதான். கட்டடம் பீர் காய்ச்சும் கம்பெனிக்குச் சொந்தம். ரிக்ஸ் குடும்பம் குத்தகைக்கு இருந்தது. ஆனால் அந்த ஊரில் விடுதி கைமாறும்போது யாரும் சாவியைக் கொடுப்பதில்லை. விட்டுப் போகிறவர் இரும்பு அகப்பையில் கணப்பிலிருந்து தணலை அள்ளி வாசலுக்கு வெளியே நின்று நீட்ட வேண்டும். வருகிறவர் வாசலுக்கு உள்ளே நின்று வாங்கி, அதே கணப்பில் திரும்பக் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. அந்த நெருப்பு எப்போது மூட்டப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. அது அணைந்ததை யாரும் பார்த்ததில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"நோவா கப்பலை விட்டு இறங்கினதும் குளிருதுன்னு கொளுத்தினது," என்பார் பெர்சி.

லென் அகப்பையின் பிடியில் பாதியை ஹில்டாவுக்கு விட்டுக் கொடுத்தான். இருவரும் சேர்ந்து பிடித்துத் தணலைக் கணப்பில் கொட்டினார்கள். மோதிரம் மாற்றியதைவிட அந்த நிமிஷந்தான் தனக்குக் கல்யாணமாக இருந்தது என்று அவள் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

அவள் இப்ஸ்விச் நகரத்துத் துணிக்கடையில் வேலை பார்த்தவள். சமமான தரைக்கும் நேரான சுவருக்கும் பழகியவள். கதிர்க்கட்டிலோ எதுவும் நேரில்லை. கூடத்துத் தரையைக் கழுவத் தண்ணீர் ஊற்றினால் அது அவள் பேச்சைக் கேட்காமல் கிழக்கு மூலைக்கே ஓடும். மாடிப்படி ஒவ்வொன்றும் ஒரு உயரம். காற்றடிக்கும் இரவுகளில் கிழக்கு மூலைத் தூண் முனகும். அது ஏன் என்று லென்தான் அவளுக்கு விளக்குப் பிடித்துக் காட்டினான். மரச்சட்டங்கள் எல்லாவற்றையும் அந்தக் காலத்துத் தச்சர் முதலில் தரையில் கிடத்தி அறுத்துப் பொருத்தியிருக்கிறார். பிறகு எதற்கு எது என்று உளியால் கோடு கீறி எண்ணிட்டு, தூக்கி நிறுத்தி, மர முளை அடித்து இறுக்கியிருக்கிறார். கிழக்கு மூலையில் மட்டும் ஆறாம் சட்டம் நிற்க வேண்டிய இடத்தில் ஏழாம் சட்டம் சரியாகப் பொருந்தாமல் நின்றது.

"குடிச்சிருந்தாரோ?" என்றாள் ஹில்டா.

"பின்ன? பப்பு கட்ட வந்தவரு பாலா குடிச்சிருப்பாரு?" என்றான் லென்.

சட்டங்களுக்கு நடுவே வரிச்சுக் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். கணப்பின் வாய்க்கு மேலே குறுக்கே கிடந்தது ஒரே ஓக் மரத்தில் அறுத்த உத்தரம். அதன் மேல்தான் புகைபோக்கியின் பாரம் முழுக்க இருந்தது. உத்தரத்தின் முகத்தில் நீர்த்துளி வடிவில் சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. வீட்டில் தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக யாரோ மெழுகுத் திரியால் வைத்த பொட்டுகள் அவை. அதற்குக் கீழே இரண்டு பேர் உள்ளேயே உட்கார்ந்து குளிர் காயலாம். இரவு எல்லோரும் போனபின் ஹில்டா தணலைக் குவித்துச் சாம்பலால் மூடுவாள். காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் கங்கு கண் திறக்கும். குழந்தை இல்லாத வீட்டில் அவள் படுக்கும் முன் கடைசியாகத் தொட்டதும் எழுந்ததும் முதலில் தொட்டதும் அதுதான்.

1963இல் அடித்த குளிர் அந்த ஊர்க்காரர்கள் மறக்கும் குளிரல்ல. 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழத் தொடங்கிய பனி மார்ச் வரை கிடந்தது. கிணற்றடிக் குழாய் வெடித்தது. பெர்சியின் கோழிகள் குச்சியில் உட்கார்ந்தபடியே விறைத்தன. பனி உருகியபோது கதிர்க்கட்டின் தெருப்பக்கச் சுவரிலிருந்து சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்து, உள்ளிருந்த வரிச்சு விலா எலும்புபோல் தெரிந்தது.

அப்பா செய்ததுபோல் குதிரை மயிர் கலந்த சுண்ணாம்பையே பூசலாம் என்றான் லென். ஹில்டா ஒப்பவில்லை.

"சில வருஷத்துக்கு ஒருக்கா உதிரும், நீ ஏணியில ஏறுவ. ஆயுசு முழுக்கச் சுண்ணாம்பு அடிச்சிட்டே சாகணுமா? எங்க அண்ணன் வீட்டுல சிமென்ட் பூசி பத்து வருஷமாச்சு. ஒரு கீறல் இல்ல."

"அது செங்கல் வீடு, ஹில்டா."

"செங்கல்லுக்கு நல்லதுன்னா மரத்துக்கு மட்டும் விஷமா?"

லென் விட்டுக்கொடுத்தான். கம்பெனியும் சிமென்டுக்குச் சம்மதம் சொல்லியது. கோடையில் ஊரே திரண்டு வந்து பூசியது. கூலியாகப் பீரும், ரொட்டியும் பாலாடைக்கட்டியும், காடியில் ஊறிய வெங்காயமும். கீழே அடிச்சட்டத்திலிருந்து மேலே கூரை விளிம்பு வரை, மரம் மண் என்ற பேதமில்லாமல், சாம்பல் நிறச் சட்டைபோல் சிமென்ட் ஏறியது. அதன் மேல் வெள்ளை அடித்தார்கள்.

பெர்சி கரணையால் சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஹிட்லரு திரும்பி வந்தாக்கூட இத அசைக்க முடியாது புள்ள."

சுற்று வட்டாரத்தில் நாலைந்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுக்கும் அப்படியே பூசிக்கொண்டார்கள். ஹில்டாவுக்குப் பெருமையாக இருந்தது. கிழக்கு மூலைத் தூணும் அதற்குப் பிறகு முனகவில்லை.

லென் 1974இல் இறந்தான். பீப்பாய் உருட்டியவன் அப்படியே அதன் மேல் சாய்ந்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் ஹில்டா கறுப்பு உடையோடு எழுந்து போய்க் கணப்பில் கட்டை வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்தார். தனியாக ஒரு பெண் குத்தகையை எடுத்து நடத்துவது சிரமம் என்று பக்குவமாகச் சொன்னார். பெர்சி கோப்பையைக் கீழே வைத்தார்.

"புதுசா வர்றவருக்குத் தணலை யாரு அள்ளிக் குடுக்கணும் சார்?"

"அது... இப்போது இருப்பவர்."

"இப்ப இருக்கறவ குடுக்க மாட்டேங்கறா. அப்புறம்?"

கம்பெனி ஆள் சிரித்துவிட்டார். குத்தகை ஹில்டாவின் பேரில் எழுதப்பட்டது. அன்று முதல் அந்த நெருப்பு அவளுக்கு வெறும் வழக்கமாக இல்லை. தான் அந்த ஊரில் நிற்பதற்கான காலடி மண் என்றே நினைத்தாள்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1986இல், கிழக்கு மூலையில் காளான் வாடை வந்தது. எவ்வளவு கழுவினாலும் போகவில்லை. கம்பெனி கட்டடங்களைப் பார்க்கும் கவர்டேல் என்பவரை அனுப்பியது. அமைதியான மனிதர். வாசலில் சரியாகக் குனிந்து வந்தார். சிமென்டில் மயிரிழை அகலத்தில் ஓடியிருந்த வெடிப்பைப் பார்த்தார். அதற்குள் திருப்புளியை விட்டு அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் பிடி வரை இறங்கியது.

"உள்ள தூண் இருக்குல்ல?" என்றாள் ஹில்டா.

"இருந்திருக்கு, மிஸஸ் ரிக்ஸ்."

அவர் பொறுமையாக விளக்கினார். வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகிறது. சுண்ணாம்பாக இருந்தால் வெயிலில் அது வெளியேறிவிடும். சிமென்ட் அதை விடாது. ஓக் மரம் வருடக்கணக்காக ஈரச் சட்டையோடு நின்றிருக்கிறது.

"சட்டையைப் போட்டு விட்டது நான்தான்," என்றாள் ஹில்டா.

"அந்தக் காலத்துல எல்லாரும் அதத்தான் செஞ்சாங்க. உங்க கணப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்ததாலதான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கு. அந்தச் சூடு உள்ள இருந்து உலர்த்தியிருக்கு."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கவர்டேல் அடுத்ததாக மாடிக்குப் போய்ப் பலகையை நீக்கி, உத்தரத்தின் முதுகில் சன்னமாகத் துளை போட்டார். துரப்பணத்தோடு மரத்தூள் வரவில்லை; கரிப்பொடி வந்தது. நானூறு வருடச் சூட்டில் உத்தரம் உள்ளுக்குள் கரிந்து கூடாகியிருந்தது. புகைபோக்கியின் பாரம் அந்தக் கூட்டின் மேல் நின்றது.

"நெருப்பை அணைக்கணும், மிஸஸ் ரிக்ஸ். இன்னிக்கே," என்றார் அவர் கீழே வந்து.

"முடியாது."

"உத்தரக் கட்டை எப்ப வேணாலும் உள்ளுக்குள்ள கனிய ஆரம்பிக்கலாம். மேல நீங்க தூங்கறீங்க. ரிப்பேர் முடிஞ்சதும் திரும்ப மூட்டிக்கலாம். நான் சொல்றேன்."

"மூட்டறதா? மூட்டினா அது வேற நெருப்பு சார்."

கவர்டேல் பெர்சியைப் பார்த்தார். பெர்சி தன் தூணிலிருந்து தோளை எடுத்தார். "எங்க வீட்டுல ஒரு அடுப்பு சும்மாதான கிடக்கு?" என்றார். "அணைக்கச் சொல்றீங்க. தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லலையே?"

அன்று பிற்பகல் ஹில்டா தணலை அகப்பையில் அள்ளினாள். தெருவில் ஊரார் நின்று பார்த்தார்கள். யாரோ தொப்பியைக் கழற்றியதும் இன்னும் சிலர் கழற்றினார்கள், சவ ஊர்வலத்துக்குக் கழற்றுவதுபோல. பெர்சியின் வீடு எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி. பண்ணை முதலாளிக்குச் சொந்தமான சின்னச் செங்கல் வீடு. மனைவி இறந்தபின் அவர் அங்கே அடுப்பே மூட்டியதில்லை. வாசலுக்கு வெளியே நின்று ஹில்டா நீட்டினாள். உள்ளே நின்று அவர் வாங்கினார்.

"விருந்தாளிதான். தங்க வரல," என்றாள் அவள்.

"அப்படிச் சொல்லிட்டு வந்தவங்கதான் போகவே மாட்டாங்க."

மேலே பாரமிருக்கும் வீட்டில் அவளும் படுக்கக் கூடாதென்று கவர்டேல் சொல்லியிருந்ததால், பெர்சியின் மாடி அறையில் ஹில்டா தங்கினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கேலி பேசியவர்களிடம் பெர்சி, "நெருப்புக்குத்தான் இடம் குடுத்தேன். கூடவே பொம்பளயும் வந்துட்டா, நான் என்ன பண்ண?" என்று பரிதாபமாகச் சொல்வார்.

குளிர்காலம் முழுக்கக் கதிர்க்கட்டு மூடிக் கிடந்தது. சுவருக்குச் சூடு தர ஆளில்லை. ஜனவரியில் ஹில்டா உள்ளே போய்ப் பார்த்தபோது சுவர் வியர்த்து வழிந்தது. கணப்பு கறுத்து, வாய் பிளந்து கிடந்தது. அவள் அதை நேராகப் பார்க்காமல், சன்னலில் இருந்த கோப்பைகளை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வசந்தத்தில் ஆட்கள் வந்து சிமென்டைக் கொத்தினார்கள். கிழக்கு மூலையில் பெரிய பாளமொன்று பெயர்ந்து விழுந்ததும் கொத்தியவன் கையை நிறுத்திவிட்டான். சிமென்டுக்குள் தூண் இருந்த இடம் இருந்தது, தூண் இல்லை. மேலிருந்து கீழ் வரை அதன் வடிவம் அச்சு எடுத்தாற்போல் நின்றது, தச்சர் செதுக்கிய தடங்கள் வரை. அடியில் ஈரமான காப்பித்தூள்போல் ஏதோ குவிந்திருந்தது. இத்தனை வருடம் சிமென்டுதான் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு, கூரையையும் தாங்கியிருந்தது. இப்போது அதையும் உடைத்துவிட்டார்கள். மாலைக்குள் கிழக்குச் சுவர் ஒரு சாண் இறங்கியது. முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள்.

ஹில்டா அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "முனகல் நின்னப்போ சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்," என்றாள். பக்கத்தில் நின்ற பெர்சி தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார்.

அதோடு கம்பெனி கை கழுவியது. அவ்வளவு செலவு செய்து மோல்ஸ்டெட்டில் பீர் விற்றுத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். கவர்டேல் நேரில் வந்து சொன்னார். அது அவருடைய நல்ல குணம். கதிர்க்கட்டை விற்கப் போகிறார்கள். பப்பாக அல்ல, வீடாக.

ஹில்டா ஒன்றே ஒன்று கேட்டாள். "வாங்கறவங்க கணப்பை வச்சிருப்பாங்களா?"

"கட்டாயம். அத இடிக்கச் சட்டமே விடாது. பாதுகாக்கப்பட்ட கட்டடம்."

அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். தான் அங்கே திரும்பப் போவதில்லை என்பது போகட்டும். நெருப்பு அங்கே திரும்பிப் போனால் போதும். எல்வெல் என்ற லண்டன் தம்பதி வீட்டை வாங்கினார்கள். வேலை இரண்டு வருடம் நடந்தது. எல்லாமே முறைப்படி. புது ஓக் மரத்தை உளியால் செதுக்கிப் பழைய தூணின் இடத்தில் நிறுத்தினார்கள். வரிச்சு பின்னினார்கள். களிமண் மிதித்தார்கள். குதிரை மயிர் கலந்து சுண்ணாம்பு பூசினார்கள். லென் செய்யலாம் என்று சொன்னது எதுவோ, அதையே செய்தார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் ஹில்டா நடையைத் தளர்த்துவாள். வீட்டில் பெர்சிக்கு நெஞ்சுச் சளி கட்டியிருந்தது. இரவும் பகலும் அவர் அடுப்பருகிலேயே உட்கார்ந்து கட்டை தள்ளினார்.

"நான் போறதுக்குள்ள நெருப்பு அங்க போயிடணும் புள்ள," என்பார். "எனக்கப்புறம் இந்த வீட்ட முதலாளி எடுத்துக்குவாரு."

1989 நவம்பரில் மிஸஸ் எல்வெல் ஹில்டாவைத் தேநீருக்கு அழைத்தார். "நீங்க வந்து பாக்கணும். எல்லாம் பழையபடி வச்சிருக்கோம்," என்றார். ஹில்டா அழைப்பை அதற்கு மேலும் அர்த்தப்படுத்திக்கொண்டாள். நல்ல கோட்டைப் போட்டாள், அகப்பை நிறையத் தணலை அள்ளினாள், மேலே சாம்பலைத் தூவிக்கொண்டு தெருவைக் கடந்தாள். வாசலில் குனிந்தாள்.

மிஸஸ் எல்வெல் அகப்பையைப் பார்த்து விழித்தார். வெளியே நின்று கொடுப்பதா, உள்ளே நின்று வாங்குவதா என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஹில்டா தானே உள்ளே போனாள்.

உத்தரம் அங்கே இருந்தது. எண்ணெய் தேய்த்துப் பளபளவென்றிருந்தது. சுட்ட தழும்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. அதற்குக் கீழே, பெருக்கித் துடைத்த கணப்பில், செம்புப் பாத்திரமொன்றில் உலர்ந்த பூக்கள் இருந்தன. ஹில்டா குனிந்து மேலே பார்த்தாள். புகைபோக்கியின் வாயில் பலகை அடித்திருந்தது.

"மேல இரும்பு கட்டித் தாங்கியிருக்கோம்," என்றார் மிஸஸ் எல்வெல். "ஆனா இந்தக் கட்டை இனிமே சூடு தாங்காதாம். நெருப்பு வேணும்னா புதுசு மாத்தணும். மாத்தச் சட்டம் விடல. நானூறு வருஷக் கட்டை. மிஸ்டர் கவர்டேல் உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

"இதக் கறுப்பாக்கினது யாரு?"

"என்ன சொல்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கட்டைக்குச் சட்டம் இருக்கு, நெருப்புக்கு இல்ல. அவ்வளவுதான்."

மிஸஸ் எல்வெல்லுக்கு முகம் சிவந்தது. அவர் கெட்டவர் அல்ல. பேச்சை மாற்றக் கிழக்கு மூலையைக் காட்டினார். ஆறாம் சட்டத்தின் இடத்தில் ஏழாம் சட்டத்தையே மறுபடியும் பொருத்தியிருந்தார்கள். தச்சரின் தவறு வரைக்கும் காப்பாற்றியாயிற்று என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அத மட்டும் கொஞ்சம் வெளிய வச்சிடறீங்களா? பூச்சு இன்னும் முழுசா காயல. புகை பிடிச்சிடும்," என்றார்.

ஹில்டா தேநீருக்கு நிற்கவில்லை.

"வாங்கிக்கிட்டாங்களா?" என்று பெர்சி நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"இடமில்லையாம்."

பெர்சி வெகுநேரம் இருமினார். "தங்க வரலன்னு சொன்னல்ல," என்றார் பிறகு. "கேட்டியா, நான் அன்னைக்கே சொன்னேன்."

பிப்ரவரியில் அவர் இறந்தார். பண்ணை முதலாளி மரியாதையாக வீட்டைக் காலி செய்ய மார்ச் கடைசி வரை தவணை கொடுத்தார். ஹில்டாவுக்கு ஊராட்சி முதியவர்களுக்கான குடியிருப்பில் ஒரு வீடு ஒதுக்கியது. சுத்தமான வீடு. சுவரில் மின்சாரக் கணப்பு. புகைபோக்கி கிடையாது. தணலை வாங்கிக்கொள்ள ஊரில் அவள் இரண்டு மூன்று வீட்டில் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், எல்லோர் வீட்டிலும் கணப்புக்குப் பதில் எண்ணெய்க் கொதிகலன் வந்துவிட்டிருந்தது.

கடைசி இரவு அவள் சாம்பலால் மூடவில்லை. பெர்சியின் நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கிற கட்டை எரிந்து முடியட்டும் என்று விட்டாள். விடிந்து வெகுநேரம் கழித்து உள்ளங்கையைச் சாம்பலில் வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. வாளியில் அள்ளினாள், அடுப்பைப் பெருக்கினாள், அகப்பையை வாளியின் மேல் வைத்துத் தூக்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் குனிந்தாள். பெர்சியின் வாசல் உயரமானது. அங்கே யாரும் குனிய வேண்டியதே இல்லை.